பாதரச செல் இல்லாத காலத்தில் பழைய கேமரா: கேள்வி பதில்

கே: ஒலிம்பஸ் ஓஎம்-1 வாங்கினேன். அதன் ஒளி அளக்கும் மீட்டருக்கான பிஎக்ஸ்625 பாதரச செல் எங்குமே கிடைக்கவில்லையே, ஐயா?

ப: இனி வராது. பாதரச ஆக்சைடு பட்டன் செல் விற்பனையை அமெரிக்கா 1996-லேயே தடை செய்துவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2018-இல் அதை ஏற்றது.

கே: வருஷத்துக்கு ஒரு செல் போடுகிற எங்களுக்கு மட்டும் விலக்குத் தரக் கூடாதா?

ப: கூடாது. அந்தச் செல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதரசம். குப்பையோடு எரிந்தால் ஆவியாகும். நீர்நிலையில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக்கும். மீன் வழியாக நம் தட்டுக்கே வரும். நீங்கள் பத்திரமாக வைப்பீர்கள்தான், ஆனால் கடையில் விற்பது உங்களுக்கு மட்டும் போகாதே. கேமரா கேட்பதும் பாதரசத்தை அல்ல, சரியாத 1.35 வோல்ட்டை.

கே: அதே அளவில் அல்கலைன் 625 இருக்கிறதே?

ப: வேண்டாம். புதிதில் 1.5 வோல்ட், பிறகு நாளுக்கு நாள் இறங்கும். வோல்ட் கூடினால் மீட்டர் முள் கூடுதலாக ஏறும், படம் இருண்டு விழும். ஐஎஸ்ஓவை (கேமராவில் வைக்கும் ஃபிலிம் வேக எண்) குறைத்து வைத்தாலும் முழுதாகச் சரியாகாது: வெயிலில் ஒரு பிழை, நிழலில் வேறு. நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் பொறுக்கும், ஸ்லைடு ஃபிலிம் பொறுக்காது.

கே: பிறகு எதைப் போடுவது?

ப: மலிவானது, காது கேட்கும் கருவிக்கான 675 துத்தநாக-காற்று செல், 1.4 வோல்ட். குறுக்களவு 11.6 மி.மீ.தான், 625 ஏறக்குறைய 16 மி.மீ. ஆகவே ரப்பர் வளையம் சுற்றி நடுவில் நிறுத்துங்கள். செல்லின் காற்றுத் துளைகளை மூடிய ஸ்டிக்கரை உரித்து ஐந்து நிமிடம் காற்றாட விட்ட பிறகே மூடியைத் திருகுங்கள். அவசரப்பட்டால் வோல்ட் ஏறாது. காற்றுத் துளைகளை மறைக்காதீர்கள். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

நிலையான வழி எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு செல். 1.55 வோல்ட், கடைசிவரை சீராக நிற்கும். மிகுதி 0.2 வோல்ட்டைக் குறைக்க ஷாட்கி டயோடு (வோல்ட்டைச் சற்றே இறக்கும் சிறு மின்னணுப் பாகம்) வைத்த அடாப்டர் வேண்டும். டயோடு இல்லாத வெறும் உலோக வளையமும் விற்கிறார்கள், டயோடு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். போட்டதும் வெயிலிலும் அறைக்குள்ளும் வேறொரு மீட்டரோடு ஒப்பிடுங்கள்.

கே: பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்குக்கும் அடாப்டர் வேண்டுமா?

ப: வோல்ட்டைக் குறைக்கத் தேவையில்லை. அதன் மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட், வோல்ட் வேறுபாடு பாதிக்காது. கேமராவின் செல் அறைக்குப் பொருந்தும் சில்வர் ஆக்சைடு செல் போதும்.

கே: பழைய செல் உள்ளேயே கசிந்து பச்சை பூத்திருக்கிறது.

ப: கையுறை போட்டு எடுங்கள், உடைக்காதீர்கள். கசிந்தது காரம், பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முடியுங்கள். செல்லை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.