பல்கேரிய ஓவியரின் வரியை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பல்கேரிய ஓவியர் ஒருவர் தன் படத்தின் பின்பக்கம் ‘ரிசூவம், ஸஷ்டோதோ ஒபீச்சம்’ என்று எழுதிக் கொடுத்தார். ‘ஐ டிரா பிகாஸ் ஐ லவ் இட்’ என்று மொழிபெயர்த்தேன். சரியா?

பதில்: பாதி சரி. ‘ரிசூவம்’ நம் ‘வரைகிறேன்’ மாதிரி. பென்சிலால் கோடு போட்டாலும் எண்ணெய் வண்ணம் தீட்டினாலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் டிராவா, பெயிண்டா என்று சொல்லியாக வேண்டும். படத்தைத் திருப்பிப் பாருங்கள். வண்ணப் படம் என்றால் பெயிண்ட் என்று மாற்றிவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது கடைசியில் நீங்கள் சேர்த்த ‘இட்’. மூலத்தில் அது கிடையாது. வரைவது பிடிக்கும் என்று மட்டும் சொல்ல நினைத்திருந்தால் ‘ஒபீச்சம் தா ரிசூவம்’ என்று எழுதியிருப்பார். எதை, யாரை என்று சொல்லாமலே நிறுத்தியிருக்கிறார். ‘வரைகிறேன், நேசிப்பதால்’ என்று தமிழில் அப்படியே சொல்ல முடிகிறது. ஆங்கிலத்தில் ‘பிகாஸ் ஐ லவ்’ என்று முடித்தால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். அதற்குப் பயந்துதான் பலரும் ‘இட்’ போடுகிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவர் திறந்து வைத்துவிட்டுப் போனதை நாம் மூடக்கூடாது.

கேள்வி: ஓவியரை பல்கேரியர்களும் ‘ஆர்டிஸ்ட்’ என்றுதான் சொல்வார்களா?

பதில்: அங்கே ‘ஆர்டிஸ்ட்’ என்றால் பெரும்பாலும் நடிகர். ஓவியர் ‘ஹுதோஷ்னிக்’.

கேள்வி: ஓவியர் விளாதிமிர் திமித்ரோவ் பெயரோடு வரும் ‘மைஸ்டோரா’ குடும்பப் பெயரா?

பதில்: பட்டப்பெயர். ‘மைஸ்டோர்’ என்றால் கைதேர்ந்தவர். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆ’ ஆங்கிலத்தின் ‘தி’ செய்யும் வேலையைச் செய்கிறது. அதனால் ‘தி மாஸ்டர்’ என்று எழுதலாம். 1882 முதல் 1960 வரை வாழ்ந்தவர். கியூஸ்தெந்தில் நகரத்துக் கலைக்கூடத்துக்கு அவர் பெயர்தான். வீட்டில் குழாய் சரிசெய்ய வருபவரையும் பல்கேரியர்கள் மைஸ்டோர் என்றே கூப்பிடுவார்கள். போர்த்துகீசிய மொழி வழியாக நமக்கு வந்த ‘மேஸ்திரி’யும் இதற்குச் சொந்தம்தான், இரண்டுக்கும் வேர் லத்தீன். கைவேலையின் மரியாதை அப்படியே இருக்கிற சொல், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆங்கில ‘மாஸ்டர்’ என்று வரும்போது அந்த மணம் குறைந்துவிடுகிறது.

கேள்வி: அவரைப் பற்றிய குறிப்பில் ‘ரிசூவல்’ என்று ‘ல்’லில் முடிகிறது. அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. பக்கத்தில் ‘எ’ என்ற துணைச்சொல் வராவிட்டால், நேரில் பார்க்காமல் கேள்விப்பட்டுச் சொல்லும் வடிவம் அது: ‘வரைந்தாராம்’. நம் ‘ஆம்’ மாதிரியே. ஆங்கில வினைச்சொல்லில் இதற்கு இடமில்லை. அதனால் பலர் நேரில் பார்த்தவர் போல மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ‘தே சே’ என்று பத்தியின் தொடக்கத்தில் ஒருமுறை போட்டால் போதும். வரிக்கு வரி போட்டால் படிக்க முடியாது.