கற்பனைத் தீவு ஒன்றில் வாழ ஒரு விலங்கினத்தைப் படைக்கச் சொன்னால், நீங்கள் எதைப் படைப்பீர்கள்?

புதிதாக ஒன்றைப் படைப்பதைவிட, சங்கப் பாடல்களில் வரும் அசுணத்துக்கு ஒரு தீவைக் கொடுக்கவே நான் விரும்புவேன். யாழிசையில் மயங்கி மறைவிடத்தை விட்டு வெளியே வருவதாகவும், வேடர் அடிக்கும் பறையின் வல்லோசை கேட்டால் அப்பொழுதே உயிரை விடுவதாகவும் சொல்லப்படும் உயிர் அது. அதை விலங்கு என்பாரும் உண்டு, பறவை என்பாரும் உண்டு. இரண்டுக்கும் இடமளிக்கும் உயிர் வௌவால்தான் என்பதால், என் அசுணத்தின் மூதாதையும் வௌவாலே.

நான் வாழும் மலேசியாவின் பினாங்கில் அதை வைக்க இயலாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த காலத்தில், பினாங்கு ஒரு தீவாகவே இல்லை. தீபகற்பத்தோடு ஒட்டிய மலையாகத்தான் நின்றது. ஆகவே எங்கள் காடுகளில் உள்ளவை பெரும்பாலும் பெருநிலத்து விலங்குகளே. தனித்ததோர் இனம் உருவாக வேண்டுமானால், என் தீவு இன்னும் வடமேற்கே, ஒருபோதும் வற்றாத அந்தமான் கடலின் ஆழத்துக்கு நடுவே, சுண்ணாம்புக் குகைகளோடு எழுந்திருக்க வேண்டும்.

அத்தனை தொலைவைப் பறந்து கடக்கக்கூடிய பாலூட்டி வௌவால் ஒன்றுதான். மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்தில் வாழ்ந்த நிலப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. அவற்றுள் ஓர் இனம் இன்றும் இறக்கைகளை மடக்கிக்கொண்டு காட்டுத் தரையில் நடந்து இரை தேடுகிறது. என் தீவிலும் தரையில் எதிரி இல்லாததால், அசுணம் தலைமுறை தலைமுறையாகப் பறத்தலைக் கைவிட்டு, ஓர் ஆட்டுக்குட்டியின் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சிற்றுயிர்கள் தீவுகளில் பெருப்பதும் பேருயிர்கள் சிறுப்பதும் உயிரியலாளர் நன்கறிந்த போக்கு. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் குள்ள யானையினமும் பெரிய எலியினமும் ஒரே மண்ணில் வாழ்ந்திருக்கின்றன.

பறக்காவிட்டாலும் நீண்ட விரல்களும் அவற்றிடையே விரிந்த தோலும் அதற்கு எஞ்சியிருக்கின்றன. மாலையில் கடற்காற்று எழும்போது அசுணங்கள் குகைவாயிலுக்கு வந்து விரல்களை விரித்துப் பிடிக்கும். காற்று பட்டுத் தோல் அதிரும். தோலின் அகலமும் விறைப்பும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதி உண்டு. குகை வௌவால்களின் தாய், ஆயிரக்கணக்கான குட்டிகளுக்கு இடையிலும் தன் குட்டியைக் குரலாலும் மணத்தாலும் அடையாளம் காண்பதைப் போல, அசுணக் குட்டி இருளில் தாயின் சுருதியைப் பற்றிக்கொண்டே வீடு சேரும்.

என்னை நெடுநாள் உறங்கவிடாத கேள்வி வேறு. பறையொலிக்கே இறக்கும் உயிர், எங்கள் பக்கத்து இடியைத் தாங்குவது எப்படி? பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பினாங்கில் பிற்பகல்தோறும் வானம் பிளப்பதைப் போலத் தோன்றும். இதற்கும் விடை வௌவாலிடமே இருந்தது. வௌவால் ஓங்கி ஒலியெழுப்பும்போது, தன் குரலே தன் செவியைக் கெடுக்காதபடி அதன் நடுக்காதுத் தசை இறுகிக்கொள்ளும். அசுணமோ மின்னலைக் கண்டவுடன் அந்தத் தசையை இறுக்கிச் செவியையும் மடித்துக்கொள்ளும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடிகள் ஆகுமாகையால், தொலைவிலுள்ள இடிக்கு அதற்கு அவகாசம் கிடைக்கிறது. பறைக்கு முன்னால் மின்னல் வருவதில்லை; வேடன் அடிக்கும் முதல் அடி, காக்கப்படாத செவியில் நேராக விழுகிறது. பழம்பாடல் சொன்ன கொடுமைக்கு இப்படி ஓர் உடற்காரணம் அமைந்தபோது நான் மெய்யாகவே மகிழ்ந்தேன்.

குகைகள் இருந்தும், உமிழ்நீரால் கூடு கட்டும் உழவாரக் குருவிகளை மட்டும் இத்தீவில் நான் குடியேற்றவில்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பலவற்றை அந்தப் பறவைகளுக்காக மாற்றி, பதிவு செய்த பறவைக் குரலை ஒலிபெருக்கியில் இடைவிடாமல் பாடவைத்து அவற்றை உள்ளே ஈர்த்த காலம் உண்டு. 2008இல் நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகே அந்தக் குருவிப் பண்ணைகள் மரபுரிமைப் பகுதியிலிருந்து அகற்றப்பட்டன. அந்தக் கூடு உணவாக விலைபோவது; கூடு இருக்கும் இடத்துக்கு வணிகர் வருவர். வணிகரோடு ஒலிபெருக்கியும் வரும். அதில் ஒலிப்பது தாயின் சுருதியோ என்று எண்ணி, குட்டி அசுணம் அதை நோக்கி நடந்துவிடும்.