ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடமாக மிஷின் ஓட்டுகிறேன். ஊர் மட்டக்களப்பு. பதிவு பெற்ற ஒரு தொழிற்சங்கத்தின் கிளையைத் தொடங்கினோம், நான் செயலாளர். தையல் பகுதியில் 420 பேரில் 180 பேர் சேர்ந்துவிட்டார்கள். "ஊழியர் சபை இருக்கிறதே, மொத்தம் 900 பேரில் நீங்கள் கொஞ்சப் பேர்தானே" என்று நிர்வாகம் பேச மறுக்கிறது. போன வாரம் 'டார்கெட் குறைவு' என்று என்னை இடைநிறுத்தினார்கள். ராஜினாமா எழுதித் தந்தால் மூன்று மாதச் சம்பளம் தருவார்களாம். என்ன செய்வது?

பதில்: எழுதித் தராதீர்கள். போர்டிங் வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் நெருக்கும்போது மூன்று மாதச் சம்பளம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் நாளைக்குத் தொழில் நியாய சபையில் (வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) முதலில் கேட்கப்போவது, "உங்களை நிறுத்தினார்களா, நீங்களாகவே போனீர்களா?" என்பதைத்தான். கையெழுத்து வைத்துவிட்டால், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

சரி, பேச மறுக்கும் விஷயம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் 32அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 சதவீதம் பேர் அதில் அங்கத்தவர் என்றால், வேலைகொள்வோர் பேச மறுக்கக் கூடாது. "யாருக்காக" என்பதைக் கவனியுங்கள். 900 பேரை வைத்துக் கணக்குப் போட்டால் நீங்கள் 20 சதவீதம். தையல் பகுதிக்காக மட்டும் பேசுவதென்றால் 168 பேர் போதும், உங்களிடம் 180. அந்தப் பகுதியைத் தனியாகப் பிரிக்க முடியாது என்று நிர்வாகம் வாதாடும். அதனால் கோரிக்கைக் கடிதத்திலேயே "தையல் பகுதித் தொழிலாளர் சார்பில்" என்று எழுதுங்கள். 168ஐ விடப் பன்னிரண்டு பேர்தான் கூடுதல். வலயத்தில் ஆட்கள் மாதாமாதம் வேலையை விட்டுப் போவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு அங்கத்துவப் படிவத்திலும் திகதி இருக்கட்டும். எண்ணிக்கையில் தகராறு வந்தால் தொழில் திணைக்களம் வாக்கெடுப்பு நடத்தலாம்.

ஊழியர் சபை என்பது தொழிற்சாலைக்குள் ஊழியர் பிரதிநிதிகளைக் கொண்ட அமைப்பு, தொழிற்சங்கம் ஆகாது. அது இருப்பது உங்கள் சங்கத்தை மறுக்க ஒரு காரணமும் ஆகாது.

உங்கள் இடைநிறுத்தம் கொஞ்சம் சிக்கல். சங்கத்தில் இருப்பதற்காக "மாத்திரம்" ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அதே 32அ. அந்த ஒரு சொல்லில்தான் நிர்வாகத்தின் சட்டத்தரணி நுழைவார். டார்கெட் கதையும் அதற்குத்தான். உங்களைப் போலவே டார்கெட் குறைந்தும் இடைநிறுத்தப்படாத, சங்கத்தில் இல்லாத ஆட்கள் உங்கள் லைனில் யார் யார்? இதற்கு முன்பு உங்களுக்கு எத்தனை எச்சரிக்கைக் கடிதம் வந்தது? கிளை தொடங்கியதை நிர்வாகத்துக்கு அறிவித்த திகதிக்கும் இடைநிறுத்திய திகதிக்கும் எத்தனை நாள் இடைவெளி? இன்று இரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

32அ மீறலுக்காக நீதவான் நீதிமன்றத்துக்கு உங்கள் சங்கம் நேரே போக முடியாது, வழக்கைத் தொழில் திணைக்களம்தான் கொண்டுபோக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். சங்கம் சேரும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறதே, உச்ச நீதிமன்றம் போகலாமா என்று தோழிகள் சொல்லக்கூடும். அடிப்படை உரிமை மனு அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிரானது. தனியார் கம்பனிக்கு எதிராக அது எடுபடாது.

உங்கள் கையில் உள்ள கதவு தொழில் நியாய சபை. வேலையிலிருந்து நீக்கினால் அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ் மனுப் போட வேண்டும். உங்களுக்காகச் சங்கமும் போடலாம். மீண்டும் வேலையில் சேர்க்கவோ நட்டஈடு கொடுக்கவோ சபை உத்தரவிடலாம். திணைக்களம் விசாரிக்கிறதே என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போதைக்கு இரண்டு கடிதம். நிர்வாகத்துக்கு: "ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை, வேலைக்கு வரத் தயார்" என்று பதிவுத் தபாலில். தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு: 32அ முறைப்பாடு, சங்கத்தின் கடிதத் தலைப்பில். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.