பனிக்கரடியும் பாட்டி பார்த்த வேலையும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தோட்ட வாழ்க்கை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்து வருகிறேன். போன மாதம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உயிரினங்கள் அழிந்து வருவது பற்றியும் பருவநிலை மாற்றம் பற்றியும் பாடம் நடத்தினேன். உருகும் பனிக்கட்டி மேல் கரடி நிற்கும் படத்தைக் காட்டினேன். காட்டை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடுவதைப் பற்றியும் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், எங்கப்பா செம்பனைக் குலைதான் வெட்டுறாரு. அப்ப எங்கப்பாதான் மிருகங்களக் கொல்றாரா?" என்று கேட்டான். வகுப்பே அடங்கிவிட்டது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளைப் பயமுறுத்தாமல், அவர்களைப் பெற்றவர்களைக் குற்றவாளி ஆக்காமல் இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? இரண்டையும் ஒரே பாடமாக நடத்தலாமா, தனித்தனியாகவா? 'பருவநிலை மாற்றத்தால் உயிரினங்கள் அழிகின்றன' என்று ஒரு சுவரொட்டி தயாரித்து வைத்திருக்கிறேன். அது சரிதானா என்றும் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை, பெஸ்தாரி ஜெயா

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். அவன் அப்பா எதையும் கொல்லவில்லை. எந்தக் காட்டை வெட்டுவது, எந்த நிலத்தில் எதை நடுவது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. என் அப்பாவிடமும் கேட்டதில்லை. ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தபோது அவர் கையில் இருந்த உளி போய், நீளக் கழியில் கட்டிய அரிவாள் வந்தது, அவ்வளவுதான். இதை அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான், பதிலும் எல்லோர் முன்னாலும் வரட்டும். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அதே வேலையில்தான் இருப்பார்கள்.

இனி பாடத்துக்கு வருகிறேன். பனிக்கரடி படத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதைப் பார்க்கிற தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் வேறு எங்கோ, வேறு யாருக்கோ நடக்கிறது என்றுதான் படும். உங்கள் ஊரைச் சுற்றி இருப்பதை வைத்தே முழுப் பாடத்தையும் நடத்திவிடலாம். நான் பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர்தான் என் வாயில் இன்னமும் முதலில் வருகிறது.

மலேசியாவில் செம்பனையை வியாபாரத்துக்காக முதலில் நட்டது உங்கள் ஊர்ப்பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917 இல். பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அது தமிழ்ப் பெயர் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. மரத்தைக் கொண்டு வந்தார்கள், அங்கே அதன் பூவில் வாழ்ந்த பூச்சியைக் கொண்டு வரவில்லை. அதனால் இங்கே பல தோட்டங்களில் பூ பூக்கும், காய் ஒழுங்காகப் பிடிக்காது.

பூச்சி செய்ய வேண்டிய வேலையை யார் செய்தார்கள்? என் அம்மாவைப் போன்ற பெண்கள். 1970களின் கடைசியில் நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவுக்குச் செம்பனைக் காட்டில் பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை. ஆண்பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து ஒரு பிளாஸ்டிக் குப்பியில் போட்டுக் கொடுப்பார்கள். மரம் மரமாகப் போய், மட்டை இடுக்கில் முள்ளுக்கு நடுவே பெண்பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்து, குப்பியை அழுத்தி ஊத வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, ஊசியால் கையில் ஏறிய முள்ளை எடுப்பார். நான் விளக்கைப் பிடித்துக்கொள்வேன். முழங்கை வரைக்கும் கீறல், கீறலுக்குள் வெள்ளைத் தூள்.

பிறகு ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் அந்த மரத்தைத் தேடிப்போய், அதன் ஆண்பூவில் குடியிருக்கும் ஒரு மூக்கு வண்டைக் கண்டறிந்தார். அரிசிமணியை விடச் சிறியது. ஆண்பூவிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளரும். ஆண்பூவுக்குச் சோம்பு போல ஒரு வாசனை உண்டு. பெண்பூவும் கிட்டத்தட்ட அதே வாசனையை விடும். வண்டு ஏமாந்து அங்கேயும் போகும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுவிட்டு வரும். நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகு 1981 இல் ஜொகூரில் அதைத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவியது, காய்ப்பிடிப்பும் கூடியது. பவுடர் வேலை நின்றது. அம்மாவை மருந்தடிக்க மாற்றினார்கள். அந்த வேலை அவர் உடம்பை என்ன செய்தது என்பதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

ஓர் உயிரினம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு இதைவிட நல்ல கதை தெரியாது. ஒரு வண்டு இல்லாத இடத்தை அடைக்க எத்தனை பெண்கள் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடினார்கள்! அந்த வண்டை வேறொரு கண்டத்தில் தேடிப் பிடிக்க முடிந்தது. இந்தக் காட்டை விட்டால் வேறெங்கும் இல்லாத பூச்சி அழிந்தால் அதை எங்கே போய்த் தேடுவது?

இதே இடத்தில் பருவநிலையையும் கொண்டு வரலாம். அடைமழை விடாமல் பெய்தால் அந்த வண்டு அதிகம் பறக்காது. கடும் வறட்சி வந்தால் செம்பனை பெண்பூவைக் குறைத்து ஆண்பூவை அதிகமாக விடும். குலை குறைவது உடனே தெரியாது, ஓராண்டு ஈராண்டு கழித்துத்தான் தெரியும். குலைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் வீட்டில் அது முதலில் தெரியும். அதாவது அந்தப் பையனின் அப்பாவைப் பருவநிலை மாற்றம் முந்திக்கொண்டு தொடுகிறது. இதையும் அவனிடம் சொல்லலாம்.

ஒரே பாடமா, தனித்தனியா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊரில் அதைப் பிரிக்கவே முடியாது. வடக்கே ராஜா மூசா காடு இருக்கிறதே, அதன் தரை சாதாரண மண் இல்லை. மலாயில் தானா கம்புட் என்பார்கள். இலையும் கிளையும் வேரும் தண்ணீருக்குள் விழுந்து, முழுதாக மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமண். தண்ணீர் தே-ஓ, அதாவது பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். அந்தப் புளித்த கறுப்புத் தண்ணீருக்கென்றே பழகிய மீன்கள் அதில் உண்டு. உலகின் மிகச்சிறிய மீன்களில் ஒன்றை, 8 மில்லிமீட்டரைத் தொடும் முன்பே பெண்மீன் முதிர்ச்சி அடைந்துவிடக் கூடியதை, சுமத்ராவின் இதே மாதிரிச் சதுப்பிலிருந்துதான் 2006 இல் உலகுக்கு அறிவித்தார்கள். உலக நிலப்பரப்பில் இத்தகைய கரிமண் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் உலகத்துக் காட்டு மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகமான கரி (கார்பன்) அதற்குள் இருக்கிறது.

அந்த நிலத்தில் பயிர் வைக்க வேண்டுமென்றால் முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள். தண்ணீர் போனால் மீன் போகும். காற்றுப் பட்ட கரிமண் மட்கத் தொடங்கி, ஆயிரம் ஆண்டு சேர்த்ததைக் கரியமில வாயுவாக விடும். தரை ஆண்டுக்கு ஆண்டு சில சென்டிமீட்டர் இறங்கும். கரிமண் தோட்டங்களில் செம்பனை ஒருபக்கமாகச் சாய்ந்து, வேர் வெளியே தெரிய நிற்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஏன் சாய்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள். மீனை வெளியேற்றியதும் கரியை வெளியேற்றியதும் ஒரே வாய்க்கால். இரண்டையும் ஒரே பாடமாக நடத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மழை பொய்க்கும் எல் நினோ ஆண்டில் அந்தக் காய்ந்த நிலத்தில் தீப்பிடித்தால் தரைக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 1997, 2015, 2019 புகைமூட்டங்களில் பெரும்பகுதி சுமத்ரா, கலிமந்தான் பக்கத்துத் தீயிலிருந்து வந்தது. ராஜா மூசாவிலும் எரிந்ததுண்டு. 2015, 2019 இரண்டிலும் பள்ளிகளை மூடினார்கள், வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். பள்ளித் திடலில் ஒரு சோதனையும் செய்து காட்டுங்கள்: இரண்டு பிடி தேங்காய் நார், ஒன்று காய்ந்தது, ஒன்று முதல்நாள் இரவே ஊறவைத்தது. தகரத் தட்டில் வைத்து நீங்களே தீக்குச்சி கிழித்து வையுங்கள். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பார்த்தபின், ராஜா மூசாவில் வாய்க்கால்களை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி மாஹாங் மரக்கன்று நடுகிறார்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சுவரொட்டியைத் தயவுசெய்து மாற்றுங்கள். ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2019 இல் வெளியிட்ட அறிக்கை உயிரினங்கள் அழியும் காரணங்களை வரிசைப்படுத்தியது. முதலில் நிலத்தையும் கடலையும் நாம் மாற்றுவது, அடுத்து வேட்டையும் அளவுமீறிய மீன்பிடிப்பும் போன்றவை, மூன்றாவதாகத்தான் பருவநிலை மாற்றம். பிறகு மாசு, வெளியிலிருந்து வந்து பரவும் உயிரினங்கள். நம் நாட்டின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. அந்த இனத்தை இங்கே அழித்தது வேட்டையும் துண்டுதுண்டான காடும்தான். காட்டில் 150 கூட இல்லாத மலாயாப் புலிக்கும் கண்ணியும் காடிழப்பும்தான் முதல் எதிரி. எல்லாப் பழியையும் வெயில் மேல் போட்டால் கண்ணி வைத்தவனும் காட்டை விற்றவனும் தப்பித்துக்கொள்கிறார்கள். பருவநிலை சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே நொந்து கிடப்பதன் மேல் அது வந்து விழுகிறது. படிப்படியாக முன்னுக்கும் வருகிறது.

அதைக் காட்ட ஒரு மரம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சிலாங்கூர் ஆறு உங்கள் ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகிற வழியில், கம்போங் குவாந்தானில், கரையோரம் நிற்கும் பெரெம்பாங் மரம். இரவில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் அதில் உட்கார்ந்து ஒன்றுபோல் அணைந்து ஒன்றுபோல் எரியும். மின்மினியின் புழு கரையோர ஈரப் புதரில் குட்டி நத்தைகளைத் தின்று வளர்கிறது. செம்பனையைக் கரை வரைக்கும் நட்டுவிட்டால் புழுவுக்கு இடமில்லை. பெரெம்பாங்கும் உப்பு குறைவான கழிமுகத் தண்ணீரில்தான் செழிக்கும். வறட்சியில் ஆற்று நீர் குறைந்தாலும், கடல் மட்டம் ஏறினாலும், உப்பு மேலே மேலே வரும்.

அதோடு முடியவில்லை. பெரெம்பாங்கும் அதன் இன மரங்களும் இரவில் பூக்கும். தேன் குடிக்க வௌவால் வரும். பத்துமலைக் குகைகளில் தங்கும் வௌவால்கள் 30 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கடலோரச் சதுப்புக்கு வந்து போவதை ஆய்வாளர்கள் 1970களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதே வௌவால்தான் டுரியான் பூவுக்கும் மகரந்தம் சேர்க்கிறது. டுரியான் ஆண்டு முழுக்கப் பூப்பதில்லை. இடைப்பட்ட மாதங்களில் வௌவாலைக் காப்பாற்றுவது இந்தக் கரையோர மரங்களின் பூ. டுரியான் பூக்கவோ சில நாள் வறட்சி வேண்டும். மழை காலம் தவறினால் பூவும் தவறும். தைப்பூசத்துக்குப் படியேறிய பிள்ளைகள்தானே எல்லோரும்? கரும்பலகையில் ஒரு பக்கம் பத்துமலை, ஒரு பக்கம் டுரியான், நடுவில் பெரெம்பாங் என்று வரைந்து, கோடு போடும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பத்து லட்சம் இனங்கள் ஆபத்தில் இருக்கின்றன என்று அதே அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணை முதல் நாளே சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? முதலில் எண்ணப் பழகட்டும். பத்து முழக் கயிற்றை வட்டமாகப் போட்டு, செம்பனை நிரைக்குள் ஒரு தடவை, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் புதரில் ஒரு தடவை, எத்தனை வகைச் செடி, எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணி எழுதட்டும். இரண்டும் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணிக்கை ஒன்றாக வராது. அப்புறம் ஒருநாள் அந்தப் பையனின் அப்பாவையே வகுப்புக்குக் கூப்பிடுங்கள். எலி பிடிக்கும் ஆந்தைக்காக வைத்த கூண்டுப் பெட்டியில் அது எப்போது குஞ்சு பொரிக்கிறது, பாம்பு எந்த நிரையில் படுக்கிறது என்பதெல்லாம் உங்களையும் என்னையும்விட அவருக்குத்தான் தெரியும்.

கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிப் போவதானால் நிலவு இல்லாத இரவாகப் பாருங்கள். துடுப்புப் படகுதான். கைப்பேசி வெளிச்சம் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த வாரமே அந்தப் பையனுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். 1981க்கு முன்னால் பாட்டியோ பாட்டியின் அம்மாவோ தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்று வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். அவன் என்ன எழுதி வந்தான் என்று எனக்கும் அனுப்புங்கள்.