ஒரே நாளில் பொம்பெய்: மாமியாரின் முழங்கால் என்ன சொல்லும்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூன் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். நான், கணவர், 12 வயது மகன், 68 வயது மாமியார். ரோமில் நான்கு இரவுகள் தங்குகிறோம். அங்கிருந்து ஒரே நாளில் பொம்பெய், வெசூவியஸ் எரிமலை, அமால்ஃபி கடற்கரை மூன்றையும் காட்டித் திரும்ப அழைத்து வருவதாகப் பயண முகவர் சொல்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. இந்தத் திட்டத்தில் சேரலாமா? நாங்களாகவே போவதென்றால் எப்படிப் போவது, எதைப் பார்ப்பது?"

கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்துச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊரான பொம்பெய்க்குப் போங்கள். அந்த முகவரின் திட்டத்தில் மட்டும் போகாதீர்கள். ரோமிலிருந்து பொம்பெய்க்குச் சாலை வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர். போகவர பஸ்ஸிலேயே பாதி நாள் கரைந்துவிடும். மிச்ச நேரத்தில் ஓர் எரிமலையையும் ஒரு கடற்கரையையும் திணித்தால், பொம்பெய்க்கு இரண்டு மணி நேரம் கிடைப்பதே பெரிது. அந்த ஊரின் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டி வெளிக்கொண்டுவரப்பட்டிருக்கிறது. கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஜூன் மாத வெயிலில் ஓடுவதற்கு உங்கள் மாமியாரால் முடியாது. அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு வந்தால், ஊர் திரும்பிய பிறகும் அந்தக் குறை மனதில் கிடக்கும்.

ரோமுக்கு ஒதுக்கிய நான்கு இரவுகளில் இரண்டை எடுத்து, பொம்பெய்க்குப் பக்கத்துப் பெருநகரான நேப்பிள்ஸுக்குக் கொடுங்கள். அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ரோமைக் குறைப்பதா என்று கணவர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் நேப்பிள்ஸில் தங்கச் சொல்வதற்கு ரயில் வசதி மட்டும் காரணமில்லை. பொம்பெயின் பாதி அங்கேதான் இருக்கிறது.

1748-இல் பொம்பெயைத் தோண்டத் தொடங்கியபோது அது நேப்பிள்ஸ் மன்னரின் ஆட்சிப் பகுதி. சுவரோவியம், வெண்கலச் சிலை, பாத்திரம், விளக்கு என்று கிடைத்தவற்றில் நல்லதெல்லாம் அரசரின் சேகரிப்புக்குப் போயிற்று. அவை இன்று நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொம்பெயிலேயே பெரிய வீடுகளில் ஒன்றான 'ஃபான் வீட்டில்' நீங்கள் பார்க்கப்போகும் அலெக்சாந்தர் போர்க்களத் தரை ஓவியம் நகல்தான். அசல் இந்த அருங்காட்சியகத்துக்கு உரியது. இது தெரியாமல் நேரே பொம்பெய்க்குப் போகிறவர்கள், "எல்லாம் வெறும் இடிந்த சுவராக இருக்கிறதே" என்று சலித்துக்கொண்டு திரும்புவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இடிபாட்டை முதலில் பார், அருங்காட்சியகத்தைப் பிறகு பார் என்று வேறு சிலர் சொல்வார்கள். சிறுவனோடு போகும்போது என் கட்சி நேர்மாறானது. முதல் நாள் மாலை அருங்காட்சியகம், மறுநாள் காலை பொம்பெய். சட்டியும் கரண்டியும் கண்ணில் நிற்கும்போது காலிச் சமையலறைக்குள் நுழைந்தால், அது சமையலறையாகத் தெரியும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: செவ்வாய்க்கிழமை அந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

அங்கே ஒரு சாண் உயரமுள்ள ஒரு தந்தச் சிலையைத் தேடிப் பாருங்கள். நகையணிந்த இந்தியப் பெண், இரு பக்கமும் இரண்டு தோழிகள். 1938-இல் பொம்பெயின் ஒரு வீட்டில் கிடைத்தது. லட்சுமி என்று முதலில் பெயர் வைத்தார்கள். யட்சியாக இருக்கலாம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். நம் நாட்டிலிருந்து கடல் கடந்து போன பொருள் என்பதில் சந்தேகமில்லை. சரக்கு ஒரு பக்கம் மட்டும் போகவில்லை. அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மது ஜாடிகளில் சில, பொம்பெய் இருக்கும் இதே கம்பானியா வட்டாரத்துக் களிமண்ணில் செய்தவை. அந்த மண்ணில் கலந்திருக்கும் எரிமலைக் கருமணலே ஊரைக் காட்டிக்கொடுத்தது. சிலை 'ரகசிய அறை' எனப்படும் பகுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. காமச் சித்திரங்களுக்கென்று ஒதுக்கிய அறை அது. மகனை உள்ளே அழைத்துப் போவதா என்பதை வாசலுக்கு வருமுன் பெரியவர்கள் பேசி முடித்துவிடுங்கள்.

இனி, போகும் வழி. இங்கேதான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். நேப்பிள்ஸிலிருந்து பொம்பெய்க்கு இரண்டு ரயில் பாதைகள். சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில், 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி' என்ற நிலையத்தில் நிற்கும். ஸ்காவி என்றால் அகழாய்வு. இறங்கி எதிரே பார்த்தால் மெரினா வாசல். அரசு ரயில்வேயின் வண்டியோ, வெறும் 'பொம்பெய்' என்ற வேறொரு நிலையத்தில் நிற்கும். அது இன்றைய பொம்பெய் ஊருக்குள் இருக்கிறது. நான் முதல் தடவை போனபோது, நண்பர்கள் மெரினா வாசலில் காத்திருக்க, பெயரை மட்டும் பார்த்து இரண்டாவது நிலையத்தில் இறங்கி, நண்பகல் வெயிலில் ஊரைச் சுற்றி நடந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், நான் செய்த தவறு உங்களுக்குச் சரியான வழி. மெரினா வாசலில் உள்ளே போனால், எடுத்த எடுப்பிலேயே வழுக்கும் கற்கள் பாவிய செங்குத்தான ஏற்றம். முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஆகாது. ஊரின் மறுகோடியில் ஆம்பித்தியேட்டர், அதாவது சண்டைக் காட்சி அரங்கத்தின் பக்கத்து வாசல் இருக்கிறது. அரசு ரயில் நிலையத்திலிருந்து அது பக்கம். மாமியாருக்கு அந்தத் தூரமும் கஷ்டமென்றால் டாக்ஸி. 'எல்லாருக்கும் பொம்பெய்' என்று பெயரிட்டு, சக்கர நாற்காலிக்காரர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் செல்லத் தக்கதாகச் சீரமைத்த மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை அந்த வாசலில்தான் தொடங்குகிறது. அந்தப் பாதையைப் பிடித்து மெதுவாக மேற்கே நடந்து, மெரினா வாசல் பக்கம் வெளியே வந்து, சிர்கும்வெசுவியானாவில் திரும்புங்கள். வந்த வழியே திரும்பி நடக்கும் வேலை மிச்சம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 30 × 30 × 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் பையை ஒப்படைத்தால், அதை வாங்க அதே வாசலுக்கு வரவேண்டியிருக்கும். ஆகவே சின்னப் பையோடு போங்கள்.

சிர்கும்வெசுவியானாவில் முன்பதிவு இருக்கை கிடையாது; கோடையில் நெரிசல்தான். பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை இப்போதே கவனியுங்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் பெயர் இருக்க வேண்டும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது சிறு தலைவலி. இனிஷியல் முன்னால் வருமா, அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகுமா என்று யோசிக்காமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஆனால் மகன் பெயரிலும் இலவச டிக்கெட் ஒன்று எடுத்தாக வேண்டும். கோடையில் காலை, மதியம் என்று நேரப் பிரிவு உண்டு; உங்களுக்குக் காலை 9 மணிதான். பொம்பெய் தொல்லியல் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தே வாங்குங்கள். நிலையத்தின் வெளியே 'தகவல் நிலையம்' என்று பலகை மாட்டிக்கொண்டு டிக்கெட் விற்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவச நாள். நீங்கள் இரண்டாம் வாரம் போவதால் அந்தக் கூட்டத்திலிருந்து தப்பித்தீர்கள்.

உள்ளே போனதும் ஆம்பித்தியேட்டர். கி.மு. 70 வாக்கில் கட்டியது. கல்லில் கட்டி இன்றும் நிற்கும் ஆம்பித்தியேட்டர்களில் மிகப் பழையது. கி.பி. 59-இல் கிளாடியேட்டர் சண்டை பார்க்க வந்த பக்கத்து ஊர் நுகேரியாக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் கைகலப்பு முற்றிப் பலர் செத்தார்கள். ரோமானிய செனட் பத்தாண்டுகளுக்கு இத்தகைய காட்சிகளையே தடை செய்தது. அந்தக் கலவரத்தை அப்படியே தீட்டிய சுவரோவியத்தை முதல் நாள் அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். மகனிடம் அதை முன்னமே காட்டி வையுங்கள்.

அதற்குப் பக்கத்தில் 'தப்பியோடியோர் தோட்டம்'. சாம்பலில் புதைந்த உடல்கள் மக்கிய இடத்தில் வெற்றிடம் இருக்கும். அதில் பிளாஸ்டர் ஊற்றி உருவத்தை மீட்கும் முறையை 1863-இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி கையாண்டார். அப்படி எடுத்த 13 பேரின் உருவங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களில் குழந்தைகளும் உண்டு. இவை சிலைகளல்ல, உள்ளே எலும்பு இருக்கிறது என்பதை மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே செல்பி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

பிறகு அபொந்தான்சா என்ற நெடுந்தெரு. என்னைக் கேட்டால் பொம்பெய் என்பதே இந்தத் தெருதான். வண்டிச் சக்கரம் உரசி உரசிப் பதிந்த பள்ளங்கள். தண்ணீரில் கால் படாமல் தெருவைக் கடக்க வைத்த உயரமான கற்கள். முனைக்கு முனை நீர்த்தொட்டி. பல தொட்டிகளில் இன்றும் குடிநீர்க் குழாய் இருப்பதால் காலிப் பாட்டில் கொண்டுபோனால் போதும். தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளின் மேடைகளில் ஜாடிகள் பதித்திருக்கும். வெத்துதியுஸ் பிளாசிதுஸ் கடை என்று ஒன்று. அதன் ஜாடி ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. கல்லாவை எடுத்துக்கொண்டு ஓடக்கூட நேரமில்லை. நீங்கள் முதல் நாள் பார்த்த தந்தச் சிலை கிடைத்த வீடு இதே வீட்டுத் தொகுதியில்தான் இருக்கிறது. அங்கே பத்து நிமிடம் நில்லுங்கள்.

வழியில் ரொட்டிக்கடை ஒன்றின் மாவரைக்கும் எரிமலைக்கல் எந்திரங்களையும், ஸ்தாபியன் குளியலகத்தையும் பார்த்துவிட்டு, ஃபோரம் என்ற நகரச் சதுக்கத்தில் முடியுங்கள். தூண்களுக்குப் பின்னால் வெசூவியஸ் நிற்கும். எரிமலை மேல் ஏறாததற்கு வருத்தப்பட வேண்டாம். கீழிருந்து பார்த்தால்தான் அது இந்த ஊரை என்ன செய்தது என்று புரியும். வழிகாட்டிகள் ஆகஸ்டு 24 என்று தேதி சொல்வார்கள். 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17-க்கு இணையான தேதியோடு கரியெழுத்து ஒன்று கிடைத்திருக்கிறது. வெடித்தது இலையுதிர் காலமாக இருக்கலாம் என்று பலரும் இப்போது கருதுகிறார்கள். மகன் அதைக் கேட்டு வழிகாட்டியை மடக்கட்டும்.

மதியம் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். உள்ளே நிழல் என்பது அநேகமாக இல்லை. எல்லாருக்கும் தொப்பி, மாமியாருக்குச் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. சைவமென்றால் நேப்பிள்ஸில் கவலையே இல்லை. மரினாரா என்ற பீட்சாவில் தக்காளி, பூண்டு, எண்ணெய், கொஞ்சம் மூலிகை, அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் ஒன்று கிடைத்தால் ஹெர்குலேனியம் போகலாம். அதே எரிமலையால் புதைந்து, மரக்கட்டிலும் மாடி அறையும் கரியாகி நிலைத்திருக்கும் சிறிய ஊர், இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால், பொம்பெயைவிட அதுவே எனக்குப் பிடித்தது. ரோமை விட்டு நகரவே முடியாது என்றால், ஒருநாள் பஸ் பயணத்துக்குப் பதிலாக ஓஸ்தியா அந்திகாவுக்குப் போங்கள். ரோமின் பழைய துறைமுக நகர். நகர ரயிலில் அரை மணி நேரம், மர நிழல் உண்டு, கூட்டம் குறைவு, திங்கட்கிழமை மூடியிருக்கும்.

முதலில் நேப்பிள்ஸில் அறை, அடுத்து பொம்பெய் டிக்கெட், அதன் பிறகு ரயில் என்ற வரிசையில் முன்பதிவு செய்யுங்கள். அறை உறுதியான அன்றே முகவரைக் கூப்பிட்டு, அந்த ஒருநாள் பயணத்தை நீக்கினால் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.