பழைய ரங்கூன் பத்திரிகைகளில் குற்றமும் போலீசும்: கேள்வி பதில்

ரங்கூன் நகரின் குற்ற வரலாற்றையும் போலீஸ் வரலாற்றையும் பழைய செய்தித்தாள்கள் வழியே தேடுவது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர் அல்லது பகுதி. 1948 வரையிலான காலம்தான் எனக்குப் பழக்கம்.

தாம்வே, ஓர் ஆசிரியை: ஐயா, எங்கிருந்து தொடங்குவது?

கொலைச் செய்தியிலிருந்து தொடங்காதீர்கள், அம்மா. போலீஸ் கோர்ட் பத்தியிலிருந்து தொடங்குங்கள். ரங்கூன் கெஜட், ரங்கூன் டைம்ஸ் இரண்டிலும் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், தொழில், தெரு எண், சட்டப் பிரிவு, அபராதம். ஒரு மாதத்துப் பத்திகளை வரிசையாகப் படித்தாலே சூதாட்டம் எந்தத் தெருவில், அபின் எந்தத் தெருவில், கூலிச் சண்டை எந்தத் துறைமுகப் படியில் என்று நகரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கூடவே 1911இல் தொடங்கிய தூரியா போன்ற பர்மியப் பத்திரிகைகளையும் படிக்க ஆள் பிடியுங்கள். ஆங்கிலப் பத்திரிகை வெள்ளைக்கார வணிகர்களின் கண்ணால்தான் நகரைப் பார்த்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் செய்தியை நம்பி எதையும் எழுதாதீர்கள். அன்று நிருபருக்குச் செய்தி தந்தது போலீஸ். தீர்ப்பு வரும் வரை இதழ்களைப் புரட்டுங்கள்.

மோல்மேன், ஓர் அம்மா: எங்கள் தாத்தா 1920களில் ரங்கூனில் சிறைக்குப் போனார் என்று வீட்டில் குசுகுசுப்பார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொன்னதில்லை. பத்திரிகையில் கிடைக்குமா?

கிடைக்கலாம். கிடைத்தால் குற்றம் என்ன என்பதைவிட முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 என்று இருந்தால் அவர் திருடியதாகவோ அடித்ததாகவோ நிரூபிக்கப்படவில்லை என்று பொருள். பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவர், அல்லது கெட்ட நடத்தைக்காரர் என்று பேரெடுத்தவர் என்று போலீஸ் நிறுத்தும். நன்னடத்தைக்கு ஜாமீன் கொடு என்று நீதிபதி கேட்பார். கொடுக்க ஆளில்லாவிட்டால் சிறை. கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியை நம்பிக் கப்பலேறி வந்து, வேலை போய், தெருவில் படுத்துக் கிடந்தவனுக்கு ஜாமீன் நிற்க யார் இருந்தார்கள்? உங்கள் வீட்டில் எத்தனை ஆண்டுகளாகச் சுமக்கும் வெட்கத்துக்கு அடியில் வெறும் வறுமைதான் இருக்கக்கூடும். அதை உறுதிப்படுத்தாமல் விடாதீர்கள்.

1926க்குப் பிறகு என்றால் குற்றவாளிகளை வெளியேற்றும் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். தண்டனை பெற்ற பர்மியர் அல்லாதாரைப் பர்மாவைவிட்டே அனுப்ப அது வழி செய்தது. சிலர் திடீரென்று ஊர் திரும்பிய கதைக்குப் பின்னால் அது இருக்கலாம்.

பெயரைத் தேடும்போது நம் எழுத்துக்கூட்டலை மறந்துவிடுங்கள். ராமசாமியை நான்கைந்து விதமாக அச்சிட்டிருப்பார்கள். வெறும் ‘மதராஸி’ என்றோ ‘சூலியா’ (தமிழ் முஸ்லிம்) என்றோ எழுதிவிட்டுப் பெயரையே விட்டிருப்பார்கள். நகரத்தார் வழக்காக இருந்தால் ஆளின் பெயரைவிடக் கடையின் விலாச எழுத்துகளை, அதாவது கடையை அடையாளம் காட்டும் முதலெழுத்துகளை, தேடுவது பலன் தரும். அப்பீல் வரை போயிருந்தால் 1922இல் அமைந்த ரங்கூன் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுதிகளிலும் பாருங்கள்.

பெகு, ஒரு மாணவர்: இணையத்தில் இலவசமாகப் படிக்க முடியுமா?

நேரடியாக ரங்கூன் பத்திரிகைகளைத் தேடி அலுத்துப் போக வேண்டாம், தம்பி. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தையும் ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’ இணையக் காப்பகத்தையும் திறந்து பாருங்கள், இரண்டும் இலவசம். ரங்கூன் செய்திகளைச் சிங்கப்பூர்ப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. தபால் கப்பலில் போன செய்தி சில நாள் தள்ளித்தான் வரும். ஆகவே நிகழ்ச்சி நடந்த தேதியோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டு மூன்று வாரங்களையும் தேடுங்கள்.

கமாயுட்: எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் ரங்கூன் போலீசில்தானே இருந்தார்?

இல்லை. 1922 முதல் 1927 வரை இந்தியப் பேரரசுப் போலீசில் இருந்தார். இன்செயினிலும் சிரியத்திலும் பணி செய்தார். ரங்கூன் நகரப் போலீஸ் தனி. அதற்குத் தனிக் கமிஷனர், 1899ஆம் ஆண்டின் தனிச் சட்டம், தனி ஆண்டறிக்கை.

பொட்டதாங்: 1930 மே ரங்கூன் துறைமுகக் கலவரத்தில் செத்தவர்கள் எல்லாரும் தமிழர்கள். போலீஸ் வேண்டுமென்றே வேடிக்கை பார்த்தது. இதைப் பத்திரிகைகள் மறைத்துவிட்டன என்பது என் வாதம்.

மூன்று கூற்று சொல்லியிருக்கிறீர்கள். தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய இந்தியக் கூலிகள் பெரும்பாலும் தெலுங்கர். கோதாவரிக் கரையோரத்திலிருந்து வந்தவர்கள். ‘கொரங்கி’ என்று நகரமே அழைத்தது. அடி விழுந்ததும் முதலில் அவர்கள்மேல்தான். தமிழரும் பாதிக்கப்பட்டார்கள் என்று சொல்லுங்கள், உண்மை. தெலுங்கர்களுடைய சாவை நம் கணக்கில் எழுதிக்கொள்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

மறைத்தன என்பதும் சரியில்லை. கூலி உயர்வு கேட்டு இந்தியக் கூலிகளின் வேலைநிறுத்தம், அவர்கள் இடத்தில் பர்மியத் தொழிலாளர்களை அமர்த்தியது, பிறகு பழையவர்களோடு சமரசம், மே 26 காலை வேலைக்கு வந்த பர்மியர்களைத் திருப்பியனுப்பியது, அதில் மூண்ட மோதல் என்று வரிசை அச்சில் இருக்கிறது. அந்த மாதம் முழுவதையும் படித்தால்தான் நகரம் எந்த நிலையில் இருந்தது என்று விளங்கும். மே 5 ஒரே நாளில் காந்தி கைது, இரவில் பெகு பூகம்பம். ரங்கூனிலும் கட்டடங்கள் விழுந்தன. ஜூனில் ரங்கூன் சிறையில் கலகம். இறந்தோர் நூற்றுக்கு மேல் என்பது அரசுத் தரப்பு. நகரில் பேசிக்கொண்டது அதைவிட அதிகம்.

போலீசைப் பற்றிக் கீழே.

பொட்டதாங் (மீண்டும்): போலீசில் நிறைய இந்தியர்கள் இருந்தார்களே, தங்கள் ஆட்களை ஏன் காக்கவில்லை?
தட்டோன், குறுக்கிட்டு: அண்ணே, கான்ஸ்டபிள் பஞ்சாபியாகவோ இந்துஸ்தானியாகவோ இருந்தால் துறைமுகத் தெலுங்கன் எப்படி அவனுடைய ஆளாவான்? மேலே உத்தரவு போட்டவன் வெள்ளைக்காரன்.

தட்டோன் தம்பி சொல்வது நியாயம். ‘இந்தியர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டியது அன்றைய நிர்வாகத்தின் பழக்கம். நாமும் அதையே செய்ய வேண்டாம். போலீஸ் தாமதமாக வந்தது, சிப்பாய்களை இறக்க வேண்டியதாயிற்று என்பவை செய்தித்தாளில் பார்க்கக்கூடியவை. வேண்டுமென்றே நின்றார்களா என்பதற்கு உத்தரவுக் கோப்பு வேண்டும், சாட்சியம் வேண்டும். அது உங்கள் கையில் இருந்தால் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

தட்டோன்: அப்படியானால் பர்மியருக்கும் இந்திய முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த 1938 கலவரத்தில்? பத்திரிகை செய்தி சொன்னதா, தீ மூட்டியதா?

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். 1938 ஜூலை 26 ஷ்வேடகோன் பகோடாவில் கூட்டம், அங்கிருந்து இந்திய முஸ்லிம் வணிகர்களின் சூர்த்தி பாரா பஜார் பக்கம் ஊர்வலம், போலீஸ் தடியடி. அடிபட்ட பிக்குகளைப் பற்றிய செய்திகளும் படங்களும் ஊரெங்கும் பரவின. நீதிபதி பிரவுண்ட் தலைமையிலான விசாரணைக் குழு பர்மியப் பத்திரிகைகள் சிலவற்றைக் கடுமையாகக் குறை சொன்னது. அந்தக் குழுவின் அறிக்கையை ஒரு பக்கமும் அந்த வாரத்து இதழ்களை ஒரு பக்கமும் வைத்துப் படியுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் தலைமைச் செயலகத்தருகே போலீஸ் தடியால் அடிபட்டு மாணவர் போ அவ்ங் ஜோ இறந்தார். ஸ்பார்க்ஸ் தெருவுக்கு இன்று அவர் பெயர்.

இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இன்செயின்: எங்கள் பாட்டனார் பெயர் பத்திரிகையில் இருக்குமா?

மோல்மேன் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மண்டலே: இணையத்தில் எங்கே கிடைக்கும்?

மேலே இருக்கிறது.

கமாயுட்: தலைமைச் செயலகத்தில் பேய் உலவுவதாகப் பழைய பத்திரிகையில் உண்டா?

இது என் துறை அல்ல.

தாம்வே: ஆங் சானும் அமைச்சர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட 1947 ஜூலை 19 பற்றி?

ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. கொலைக்குத் திட்டமிட்ட முன்னாள் பிரதமர் ஊ சோ அன்றே கைதானார். அவர் வீட்டுப் பக்க ஏரியிலிருந்து ஆயுதங்களை எடுத்தது, சிறப்பு நீதிமன்ற விசாரணை, 1948 மே 8 தூக்கு வரை நாளிதழ்களில் தொடரலாம். இங்கேயும் அதே எச்சரிக்கை: முதல் வாரத்து ஊகங்களை வரலாறாக எழுதாதீர்கள்.

சிரியம், ஓர் இளைஞர்: அதிகாரிகளை எதிர்த்து எழுதிய பத்திரிகையே இல்லையா, ஐயா?

இருந்தது. 1912இல் ரங்கூனின் ‘பர்மா கிரிட்டிக்’ ஆசிரியர் சானிங் ஆர்னால்ட் மெர்குய் மாவட்ட நீதிபதியைத் தாக்கி எழுதினார். மலாய்ச் சிறுமி ஒருத்தி தொடர்பாக ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிமேல் வந்த புகாரை நீதிபதி அமுக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அவதூறு வழக்கு, ஆசிரியருக்குச் சிறை. 1914இல் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. பத்திரிகையாளனுக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள சுதந்திரமே உண்டு, தனிச் சலுகை கிடையாது என்றது. இந்தியாவிலும் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டின. அந்தச் சிறுமியின் பக்கத்தை எந்தத் தீர்ப்பும் முழுதாகக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். இளைஞர்கள் யாராவது அவளிலிருந்து தொடங்கி எழுதினால் என்னிடம் இருக்கும் குறிப்பெல்லாம் கொடுக்கிறேன்.

தட்டோன்: வீட்டில் பழைய இதழ்கள் உதிர்கின்றன. லேமினேட் செய்யலாமா?

கூடாது. சூடும் பிளாஸ்டிக்கும் தாளைக் கெடுக்கும். பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. மடிப்பை மெதுவாக விரித்து, மழைக்கால ஈரம் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். வைக்கும் முன் பக்கம் முழுவதையும் படம் எடுங்கள். பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் படத்தில் விழ வேண்டும். செய்தியை மட்டும் கத்தரித்து எடுக்காதீர்கள்.