சம்பளம் எவ்வளவு, பேர் எத்தனை?
இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சம்பளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆயிரம் ரூபாய் ஆனபோதும் சரி, 1,350 ஆனபோதும் சரி, வீட்டுக்கு வந்த காசு அந்த அளவுக்குக் கூடவில்லை. இப்போது 1,750 என்கிறார்கள். கூட்டிய காசு எங்கே போகிறது?
– கொழுந்து பறிக்கும் தொழிலாளி, மஸ்கெலியா

பதில்: மேடையிலும் பத்திரிகையிலும் பேசப்படுவது ஒரு நாள் சம்பளம். உங்கள் அடுப்பு எரிவது மாதச் சம்பளத்தில். இரண்டுக்கும் நடுவே நிற்பது செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) உங்களுக்கு விழுந்த பேர், அதாவது சம்பளத்துக்குக் கணக்கான வேலை நாள்.

மாதம் 25 பேர் விழுந்தால், 1,350 வீதம் 33,750 ரூபாய். அதே ஆளுக்கு 16 பேர்தான் விழுகிறது என்றால், நாளுக்கு 1,750 கொடுத்தாலும் 28,000 ரூபாய்தான். நாள் சம்பளம் 400 ரூபாய் கூடியும் மாதச் சம்பளம் 5,750 ரூபாய் குறைந்துவிட்டது. நீங்கள் கேட்ட காசு பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

அடுத்தது அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். உங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ என்று வைத்திருக்கிறார்கள் என்போம். 18 எடுத்தவருக்கு 1,350. 17 எடுத்தவருக்கு அரைப்பேர் போட்டால் 675. ஒரே ஒரு கிலோவுக்காக 675 ரூபாய் வெட்டு! 18க்கு மேல் எடுக்கும் கிலோவுக்கு 50 ரூபாய் தரும் தோட்டம், குறைந்த கிலோவுக்கு அதைப் போலப் பதின்மூன்று மடங்குக்கும் மேல் பிடிக்கிறது. இதை எந்தக் கணக்கிலும் நியாயம் என்று சொல்ல முடியாது. வர்த்தமானி (அரச இதழ்) சொல்வது ஒரு நாள் வேலைக்கான சம்பளத்தை. எத்தனை கிலோ என்பது கூட்டு ஒப்பந்தத்தின் வழியாகவும் தோட்டத்தில் பேசியும் வந்த விஷயம். ஆகவே அது பேசி மாற்றக்கூடியது. கவ்வாத்து வெட்டி (செடியைக் கத்தரித்து) எழும்பும் மலைக்கும் (தேயிலை நிலத்துக்கும்), வறட்சி மாதத்துக்கும், கொழுந்து கொட்டும் ஏப்ரல், மே மாதங்களுக்கும் ஒரே கிலோ வைப்பது தவறு என்பது எந்தக் கங்காணிக்கும் தெரியும்.

1,750 பற்றி. 2026 வரவு செலவுத் திட்டத்தில் முன்வைக்கப்பட்டது, கம்பனி தரும் 1,550 ரூபாயும் அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் சேர்ந்த தொகை. வருகை என்று பெயர் வைத்த காசில் எப்போதும் ஒரு நிபந்தனை இருக்கும். 2016இன் 730 ரூபாயிலும் அடிப்படைச் சம்பளம் 500தான். வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. 75 வீத வருகை இல்லையென்றால் அந்த 60 கிடைக்காது. ஆகவே சம்பளச் சீட்டைக் கையில் எடுத்து மூன்றைப் பாருங்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம் வரை போய், வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நாளை வராத நாளாக எழுதியிருக்கிறார்களா? அரைப்பேர் எத்தனை? சேமலாப நிதிக்குப் பிடித்த 8 வீதம் எந்தத் தொகைக்குக் கணக்கிடப்பட்டது? 33,750க்கு உங்களிடமிருந்து 2,700 பிடிக்க வேண்டும். கம்பனி தன் பங்காக 12 வீதம், அதாவது 4,050 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் கம்பனியின் செலவுதான். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

கேள்வி: கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ கழிக்கிறார்கள். கேட்டால் சாக்கு, ஈரம் என்கிறார்கள். இதற்கு ஒரு அளவு இல்லையா?
– தலவாக்கலை வாசகி

பதில்: காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. தலா இரண்டு கிலோ போனால் நாளைக்கு ஆறு கிலோ. 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் நீங்கள் உண்மையில் 24 கிலோ பறிக்கிறீர்கள்.

சாக்கின் பாரத்தைக் கழிப்பது சரி. ஆனால் அதை வெறும் சாக்கை நிறுத்துக் காட்டிவிட்டுக் கழிக்க வேண்டும். நைலோன் சாக்கோ படங்கோ இரண்டு கிலோ இருக்காது. தராசின் முன் வெறும் சாக்கை வைக்கச் சொல்லுங்கள். அந்த எண் எல்லோர் கண்ணிலும் படட்டும். ஈரம் வேறு விஷயம். மழை நாளில் இலையோடு தண்ணீர் வருவது உண்மை, வெயில் நாளில் வராது. வருடம் முழுக்க ஒரே கழிவு என்றால் அது ஈரத்துக்கான கழிவு இல்லை.

தராசை ஆண்டுக்கு ஒருமுறை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் பரிசோதகர் சரிபார்த்து முத்திரை போட வேண்டும். முத்திரையின் ஆண்டைப் பாருங்கள். பழையதாக இருந்தால் மாவட்டச் செயலகத்திலுள்ள அளவீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். பெயர் போட அஞ்சினால் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்குச் சிறு கொப்பியில் தேதி, நிறுவை நேரம், தராசு காட்டியது, எழுதப்பட்டது, மழையா வெயிலா என்று குறித்து வையுங்கள். பத்துப் பேர் ஒரே மாதம் குறித்த கொப்பி இருந்தால் தொழில் அலுவலகத்தில் பேச்சு வேறு மாதிரிப் போகும். ‘எப்போதும் வெட்டுகிறார்கள்’ என்று வாயால் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

கேள்வி: தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. சட்டமும் சங்கமும் தலையிடாமல் சந்தையிடம் விட்டால், ஆள் தேடும் கம்பனி தானாகவே சம்பளத்தை உயர்த்தாதா? கட்டாயப்படுத்தி உயர்த்தினால் தோட்டங்கள் மூடப்படும் என்று கம்பனிகள் சொல்வதில் உண்மை இல்லையா?
– பதுளையைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்

பதில்: இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கும், பக்கத்துச் சிறு தேயிலைக் காணிக்கும் போகிறவர்கள் கைக்காசாகக் கூடுதலாக வாங்கி வருகிறார்கள். போக வழியுள்ள இடத்தில் சந்தை வேலை செய்கிறது.

ஆனால் தன் உழைப்பை விற்பவர் இன்னொரு கடைக்குப் போக முடிந்தால்தான் சந்தை விலை என்று ஒன்று உருவாகும். லயத்துக் காம்பரா (தோட்டக் குடியிருப்பு அறை) தொழிலாளியின் பெயரில் இல்லை. வேலையை விட்டால் வீட்டுக்கும் கேள்வி வரும். பிள்ளை மடுவமும் (குழந்தைகள் காப்பகமும்) பள்ளிக்கூடமும் தோட்டத்துக்குள். நடந்து போகும் தூரத்தில் கூலி கொடுப்பவர் ஒருவரே. அப்படி ஒருவரே வாங்குபவராக இருக்கும் இடத்தில், கூலி அந்த உழைப்பின் பெறுமதிக்குக் கீழே போய் நிற்கும். பொருளியல் பாடப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. அங்கே ஒரு குறைந்தபட்சச் சம்பளம், ஓர் எல்லை வரை, வேலையைக் குறைக்காது. வேலைக்கு வராமல் இருந்தவர்களைக் கூட அழைத்து வரலாம். அந்த எல்லையைத் தாண்டினால் கம்பனி சொல்வது நடக்கும். ஆகவே ‘சந்தையா, சட்டமா’ என்று கேட்பதை விட, அந்த எல்லை எங்கே என்று கணக்குப் போடுவது பயன் தரும்.

போட்டுப் பார்ப்போம். பச்சைக் கொழுந்தில் சுமார் 21.5 வீதம் தூளாகும். 18 கிலோ கொழுந்தில் 3.87 கிலோ. கொழும்பு ஏலத்தில் கிலோ 1,200 ரூபாய்க்குப் போனதாக வைத்தால் 4,644 ரூபாய். பறித்தவருக்கு 1,350, அதன்மேல் 15 வீதம் நிதிகளுக்கு, மொத்தம் 1,552.50. மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் முழுதும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. புல் வெட்டு, கவ்வாத்து, உரம், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) செலவு, விறகு, மின்சாரம், உத்தியோகத்தர் சம்பளம், வங்கிக் கடன் எல்லாம் அதிலிருந்துதான். இப்போது அதே ஆள் 12 கிலோதான் எடுக்க முடிகிற மலையை எண்ணுங்கள். வரவு 3,096, பறிக்கும் கூலி மட்டும் அதில் பாதி. அந்த மலை நட்டம்.

ஆக, கம்பனியால் கொடுக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது ஒரு கைக்கு எத்தனை கிலோ கிடைக்கிறது என்பது. அது விரல் வேகத்தில் மட்டும் இல்லை. நூறு வயது தாண்டிய விதைத் தேயிலையா, இடைவெளி விழுந்த மலையா, உரம் போட்டார்களா, ஆண்டுக்கு 2 வீதம் மறுநடுகை என்ற பழைய இலக்கை எட்டினார்களா என்பதில் இருக்கிறது. 2021இல் இரசாயன உரம் தடை செய்யப்பட்டபோது விளைச்சல் எப்படி விழுந்தது என்பதை நாடே பார்த்தது. செடியில் இலை இல்லாதபோதும் தோட்டம் கேட்கும் கிலோ மட்டும் இறங்கவில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து மறுநடுகை அவர்களின் பொறுப்பு. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு உற்பத்தித்திறன் இல்லை என்று கூடை சுமப்பவரிடம் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து மறுநடுகைத் திட்டத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. இதுவரை அதைப் போதிய அளவு கேட்கவில்லை.

கேள்வி: சம்பளத்தை வர்த்தமானி தருகிறது. தலைவர் வருவது தேர்தலுக்கு மட்டும். பிறகு எதற்குச் சந்தா? நிறுத்தினால் தோட்டத்தில் பிரச்சினை வருமா?
– நோர்வூட் வாசகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, முடிவில்தான் எங்களுக்கு மாறுபாடு. 2021 வரை சம்பளமும் வேலை நிபந்தனைகளும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தில் வந்தன. அந்த ஆண்டு சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாயும் 100 ரூபாய் கொடுப்பனவுமாக ஆயிரம் வந்தது. கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகின. வர்த்தமானி ஒரு தொகையைத் தந்தது உண்மை. கிலோ, நிறுவை, வேலை நாள் ஆகியவற்றைக் கட்டிவைத்த காகிதம் போய்விட்டது. இந்த மூன்றையும் கொழும்பிலிருந்து யாரும் எழுதித் தர மாட்டார்கள். தோட்டத்தில் பேசித்தான் பெற வேண்டும், பேசச் சங்கம் வேண்டும்.

சந்தாவை நிறுத்துவது உங்கள் உரிமை. நீங்கள் எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில்தான் அது சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. சம்மதத்தை மீளப் பெறுகிறேன் என்று தோட்டத்துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) ஒரு கடிதம், சங்கத்துக்குப் பிரதி, உங்களுக்கு ஒன்று. கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். இல்லையேல் பதிவுத் தபால். சங்கத்தில் இருப்பதற்காகவோ சேர்வதற்காகவோ தொழிலாளியைப் பழிவாங்குவது 1999இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி குற்றம்.

ஏழு பேர் சேர்ந்தால் புதிய சங்கத்தைப் பதியலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒரு சங்கத்தோடு கம்பனி பேசியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது, அது யாருக்காகப் பேசுகிறதோ அவர்களில் 40 வீதத்தினர் அதில் உறுப்பினராக இருந்தால்தான். 600 பேர் உள்ள தோட்டத்தில் 240 பேர். மூன்று சங்கம் 200, 200, 200 என்று பிரிந்து நின்றால் ஒருவருக்கும் அந்தப் பலம் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் உயிரைக் கொடுத்துப் பெற்ற உரிமை இப்படிச் சந்தாப் போட்டியில் கரைவது வேதனை தருகிறது. நடக்கக்கூடிய வழி ஒன்று உண்டு: கொடி எதுவானாலும் மூன்று சங்கத்தின் தோட்டக் கமிட்டிகளும், மாதர் தலைவிகளும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு, மாதத்துக்கேற்ற கிலோவையும் வெறும் சாக்கு நிறுவையையும் மட்டும் கேளுங்கள். இரண்டு கோரிக்கை போதும். பதினான்கு நாளில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் பிரதியோடு தொழில் அலுவலகம் போங்கள்.

கேள்வி: எனக்கு 22 வருட சேவை. பேர் போடுவதை விட்டுவிட்டு, 1,500 தேயிலைச் செடியைப் பொறுப்பேற்று கொழுந்தைக் கிலோவுக்கு விற்கச் சொல்கிறார்கள். ‘நீங்களே முதலாளி’ என்கிறார்கள். ஏற்கலாமா?
– அப்புத்தளை வாசகர்

பதில்: கையொப்பம் போடுமுன் செடியை எண்ணுங்கள். நாலடிக்கு இரண்டடி (1.2 × 0.6 மீற்றர்) இடைவெளியில் 1,500 செடி என்பது சுமார் 1,080 சதுர மீற்றர். ஹெக்டேயருக்கு ஆண்டில் 1,500 கிலோ தூள் தரும் மலை என்று வைத்தால், உங்கள் துண்டில் 162 கிலோ தூள், அதாவது சுமார் 750 கிலோ கொழுந்து. மாதத்துக்கு 63 கிலோ. சிற்றுடைமையாளருக்கு ஏல விலையில் 68 வீதம் என்ற விகிதம் நடைமுறையில் உள்ளது. அந்த விகிதப்படி, தூள் 1,200 ரூபாய் என்றால் கொழுந்து கிலோ 175 ரூபாய். 63 கிலோவுக்கு சுமார் 11,000. எட்டு நாள் பேருக்குச் சமம், அதுவும் உரமும் மருந்தும் கழிக்குமுன். மிச்ச நாளுக்குத் தோட்டத்தில் பேர் உண்டா என்பதுதான் முதல் கேள்வி. உண்டென்றால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

எழுத்தில் கேட்க வேண்டியவை: கொழுந்து விலை எதை வைத்து, எந்த நாளில் தீர்மானிக்கப்படும், உரம் யார் செலவு, கடனாகத் தந்தால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள், கவ்வாத்து வெட்டி வருமானம் நிற்கும் மாதங்களில் என்ன தருவார்கள், அந்த மலையின் கடந்த மூன்று வருட விளைச்சல், எத்தனை வருட ஒப்பந்தம், இடையில் திருப்பி எடுத்தால் நட்டஈடு என்ன. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் சேவை தொடர்கிறதா, முடிகிறதா? தொடர்கிறது என்றால் சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டுவார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். முடிகிறது என்றால் பணிக்கொடை உடனே வர வேண்டும்: 14 நாள் சம்பளம் × 22 வருடம். நாள் 1,350 என்றால் 4,15,800 ரூபாய். 1,550 உங்கள் சீட்டில் ஏறியிருந்தால் 4,77,400. கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்தே கணக்கு, சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். ‘பழைய சேவை பிறகு பார்ப்போம்’ என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிடாதீர்கள்.

கேள்வி: செக்ரோலில் பேர் இல்லாமல் கிலோவுக்குக் கைக்காசு வாங்கி வேலை செய்கிறோம். எங்களுக்குச் சேமலாப நிதி உண்டா?
– பொகவந்தலாவை வாசகிகள்

பதில்: உண்டு. தற்காலிகமோ, நாட்கூலியோ, கிலோக் கணக்கோ, முதல் நாளிலிருந்தே உண்டு. வேலை செய்த தேதி, பறித்த கிலோ, காசு கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்து, தேசிய அடையாள அட்டையோடு ஹட்டன் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஒருவராகப் போவதை விட ஐந்தாறு பேராகப் போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள்.